அண்ணி அழித்த படங்கள்

1

டிஜிட்டல் கேமரா மேலா, ஃபிலிம் கேமரா மேலா என்று ஒரு பத்திரிகைக்குக் கட்டுரை எழுதத்தான் உட்கார்ந்தேன். ‘டிஜிட்டலில் எடுத்ததை உடனே பார்க்கலாம், பிடிக்காவிட்டால் உடனே அழிக்கலாம்’ என்று தொடங்கினேன். எட்டிப் பார்த்த அண்ணி, “அழிக்கிறதையும் நல்லதுல சேர்த்துட்டியா?” என்றார். பிறகு அவர் சொன்னதுதான் இது. கட்டுரை அத்தோடு போயிற்று.

2

அண்ணிக்கு ஸ்டுடியோ இருக்கிறது. பிரசவ ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தைகளைப் படமெடுப்பதும் அவர்தான். ஒரு நாள் காலையில் நர்ஸ் கூப்பிட்டார். ஒரு குழந்தை இறந்தே பிறந்திருந்தது. தாய்க்கு இன்னும் மயக்கம் தெளியவில்லை. பின்னால் கேட்டால் ஒரு படமாவது இருக்கட்டும் என்றார் நர்ஸ். தாயின் கணவரும் தலையாட்டினார்.

அறையில் ஒரு ஜன்னல், வெளியே மழை... (இல்லை. அன்று நல்ல வெயிலாம்.)

அண்ணி எடுத்து முடித்ததும், கேமராவின் பின்பக்கத் திரை கணவரின் கண்ணில் பட்டுவிட்டது.

“அழிச்சிடுங்க. அவ பார்த்தா தாங்க மாட்டா.”

அவர் எதிரிலேயே அண்ணி ஒவ்வொன்றாக அழித்தார்.

ஃபிலிமில் திரையே கிடையாது. கழுவிப் பார்த்துவிட்டுப் பேசிக்கொள்ளலாம் என்று நாளைக் கடத்தியிருக்கலாம். ஆனால் ஃபிலிம் சுருளை வெளிச்சத்தில் பிரித்துவிட்டால் போனது போனதுதான். டிஜிட்டலில் அப்படியில்லை, மேலே வேறு படம் ஏறாதவரை அழித்தது பெரும்பாலும் மெமரி கார்டிலேயே கிடக்கும். அண்ணி அந்தக் கார்டைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு, வேறு கார்டில் மிச்ச வேலையைப் பார்த்தார். ஏன் என்று கேட்டதற்கு, அதில் இன்னொரு படம் எடுக்கக் கை வரவில்லை என்றார்.

[இங்கே அண்ணியின் மேல் எனக்கு ஒரு சந்தேகம். அந்த மனிதரை ஏமாற்றினாரா, இல்லையா? கதைப் பாத்திரத்திடம் கேட்கலாம், அண்ணியிடம் கேட்க முடியாது.]

3

சில வாரம் கழித்து அந்தத் தாய் போன் செய்தார். படமெடுத்ததை நர்ஸ் சொல்லியிருந்தாராம்.

“முகத்தை நான் பார்க்கவே இல்லைங்க. நான் கேட்டது அவருக்குத் தெரிய வேண்டாம்.”

அண்ணி கார்டைக் கணினியில் போட்டு மீட்டுப் பார்த்தார். சில படங்கள் பாதியில் அறுந்து வந்தன. ஒன்று மட்டும் முழுதாக வந்தது.

அதே வாரம் கணவரும் ஸ்டுடியோவுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“அன்னைக்கு அவசரப்பட்டுட்டேன். திரும்ப எடுக்க வழி இருக்கா? அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க.”

4

முதலில் எழுதிய முடிவில் அண்ணி ஆளுக்கொரு பிரதி கொடுக்கிறார். ஒரே படம் ஒரே வீட்டில் இரண்டு இடங்களில் ஒளிந்திருக்கிறது. படிக்க அழகாக இருந்தது. என் அழகுக்காக இரண்டு பேரைக் காலமெல்லாம் ஒளிக்கவைப்பதா என்று அடித்துவிட்டேன். அடுத்ததில் கணவர் அழுதார். அதையும் அடித்தேன்.

நடந்தது இவ்வளவுதான். அண்ணி ஒரே ஒரு பிரதி போட்டு உறையில் வைத்தார். மற்றவர் வருவதைச் சொல்லாமல், இருவரையும் ஒரே நேரத்துக்கு வரச் சொன்னார். உறையை மேசைமேல் வைத்துவிட்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். என்ன பேசினார்கள் என்று அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது, இட்டுக்கட்ட மனமில்லை.

கணவர் முதலில் வந்து உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பெண் கண்ணாடிக் கதவைத் தள்ளுகிறார். உறையை யார் பிரிக்கிறார்கள் என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.