யோனா ஏன் ஓடினான்?

வேதாகம ஆய்வுச் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. யார் கட்டுரை அனுப்பினாலும் பெயரை அழித்துவிட்டுத்தான் இன்னோர் உறுப்பினரிடம் மதிப்பிடக் கொடுப்பார்கள். மதிப்பிட்டது யாரென்று எழுதினவருக்கும் சொல்லமாட்டார்கள். நல்ல வழக்கம்தான், நம்ம விரிவுரையாளரைப் போலச் சந்தேகப் பிராணிகள் மாட்டாதவரைக்கும்.

மனுஷனுக்கு அதுதான் முதல் கட்டுரை. ஆண்டுக் கூட்டத்தில் வாசிக்கப்போவதாக ஊரெல்லாம் தம்பட்டம் அடித்திருந்தார். என்ன கட்டுரை என்று மட்டும் யாரிடமும் மூச்சு விடவில்லை. திருடிவிடுவார்களாம்!

எதிரி நகரமான நினிவேயை எச்சரிக்கக் கடவுள் அனுப்பியபோது, பயந்துதான் யோனா தீர்க்கதரிசி கப்பலேறி ஓடினான் என்பது அவர் வாதம். திரும்பி வந்த மதிப்புரையில் ஒரே போடு: "நினிவேக்காரர்களைக் கடவுள் மன்னித்துவிடுவார் என்று தெரிந்துதான் ஓடினேன் என நாலாம் அதிகாரத்தில் யோனாவே சொல்கிறான். வாயைத் திறந்து சொன்னாலும் இவர் காதில் ஏறாது போல."

கடைசி வரி சுருக்கென்று தைத்தது. இது மாமியார் வீட்டில் எல்லோரும் வாய்க்கு வாய் சொல்லும் பேச்சல்லவா! அந்த வீட்டிலிருந்து சங்கத்தில் இரண்டு பேர். ஒருத்தி அவர் மனைவி. கட்டினவள் காலை வாருவாளா? ஆக, மச்சினன்தான்.

அதற்கப்புறம் அவன் சிரித்தால் நக்கல், சிரிக்காவிட்டால் குற்ற மனசு. "கட்டுரை என்னாச்சு அத்தான்?" என்று சாப்பிட வந்த இடத்தில் கேட்டுவைத்தான், பாவம். அவ்வளவுதான், பாய்ந்துவிட்டார்.

"கூட இருந்தே குழி பறிச்சிட்டு கேள்வி வேறயா? இனிமே இந்த வாசப்படி ஏறாதே!"

"அய்யோ, நான் உங்க கட்டுரையைக் கண்ணாலகூடப் பார்க்கல அத்தான்!"

"அப்ப இது என்ன?" மதிப்புரையை மேஜைமேல் வீசினார்.

தட்டோடு வந்த மனைவி அதை எடுத்துப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"அவனைத் திட்டாதீங்க. இதை எழுதினது நான்."

"நீயா! மாசக்கணக்கா யோனாவோட மல்லுக்கட்டினேனே, என் கட்டுரைன்னு உனக்குத் தெரியாதாக்கும்?"

"கதவைச் சாத்திக்கிட்டுல்ல எழுதினீங்க! எத்தனை தடவை கேட்டேன், சொன்னீங்களா? நானும் திருடுவேன்னுதானே மறைச்சீங்க?" அவள் குரல் உடைந்தது. "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நாலாம் அதிகாரத்தைப் பாருங்கன்னு இந்த மேஜையிலேயே சொல்லியிருப்பேனே."

வாசலில் மச்சினன் செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது. சாப்பிட்டுட்டுப் போடா என்று கூப்பிடத்தான் நினைத்தார். அதற்குள் வெளிக்கதவு சாத்திக்கொண்டது.