கையில் கட்டுப் போட்ட முசாபிர்

றவூப் மாஸ்டர் அந்த முதற் பொய்யைச் சைக்கிளை விட்டு இறங்காமலே சொன்னார். இறங்கி நின்றிருந்தால் உண்மையைத்தான் சொல்லியிருப்பார். இறங்குவதற்கு உடம்பில் தெம்பு வேண்டுமே.

அது 1980, யூலை மாதத்து முதல் வியாழக்கிழமை. கச்சான் காற்று கல்முனையை வறுத்துக்கொண்டிருந்தது. பாடசாலையில் ஆங்கிலம் படிப்பிக்கிற மனுஷன் அரை நாள் லீவு போட்டுவிட்டு, பாலமுனையில் இருக்கும் உம்மாவைப் பார்த்து, அந்தக் காற்றில் பதின்மூன்று கட்டை தூரம் சைக்கிள் மிதித்துத் திரும்பி வந்துகொண்டிருந்தார். அங்கே உம்மா சரீபா சோறு போட்டிருந்தாள். சோற்றோடு வழக்கமான கதையையும் போட்டாள்.

"கலியாணம் முடிச்சு ஒம்பது வருஷமாச்சு மனே. உன்ட பொஞ்சாதிக்கு ஒரு புள்ளய அல்லாஹ் நாடல்ல. நான் இஞ்ச ஒரு நல்ல இடம் பாத்து வெச்சிரிக்கன். மார்க்கம் தடுக்காத காரியம். ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லு."

"பாப்பம் உம்மா," என்று சொல்லிவிட்டு றவூப் கை கழுவினார்.

ஓம் என்று சொல்ல அவருக்கு மனமில்லை. இல்லை என்று சொன்னால் உம்மா அழுவாள், பிறகு சாச்சிமார் வந்து அழுவார்கள், பிறகு கடிதத்துக்கு மேல் கடிதம் வரும். அதற்கெல்லாம் முகங்கொடுக்க ஆளுக்கு ஏலாது. ஆகவே இரண்டு வருஷமாகப் 'பாப்பம்'. அந்தப் 'பாப்பம்' ஒவ்வொரு முறையும் அவருக்கு முன்னால் பஸ் ஏறிக் கல்முனைக்கு வந்து, மனைவி ஸகியாவின் காதில் விழுந்துவிடும். ஸகியா ஒன்றும் கேட்பதில்லை. தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பாள். அவள் கேட்காமல் இருப்பதுதான் மற்ற எல்லாவற்றையும் விட அவரைக் களைக்க வைத்தது.

பள்ளிவாசல் வாசலில் சனம் கூடி நின்றது. நடுவில் ஸகியாவின் வாப்பா அதாவுல்லா மரைக்கார். பள்ளி நிருவாகம் அவர் கையில்தான்.

"மருமகன், நல்ல நேரத்தில வந்தீங்க. வெளிநாட்டு ஜமாஅத்துக்காரர் ஒராள் முன்னுக்கே வந்திட்டார். பாஷதான் விளங்குதில்ல."

முதுகில் படுக்கையைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய், பள்ளிகளில் தங்கி மார்க்கம் பேசுகிற ஒரு ஜமாஅத் வெளிநாட்டிலிருந்து வருகிறது என்று அந்தக் கிழமை கடிதம் வந்திருந்தது. எந்த நாடு என்று கடிதத்தில் இல்லை. மரைக்கார் பள்ளிக்கு வெள்ளை அடித்து, பாய்களைத் தட்டிப் போட்டு, மூன்று நாளாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வந்தவன் ஆறடிக்கு மேல் இருந்தான். வெயிலில் வெந்து சிவந்த முகம், நெஞ்சு வரை தாடி, தலையில் சுற்றிய துவாய், முதுகில் பெரிய பை, அதன் மேல் சுருட்டிய பாய். அந்த உயரத்துக்கு யாரும் சாரன் நெய்வதில்லை என்பதால் அவன் சாரன் கணைக்காலுக்கு மேலேயே நின்றுவிட்டது. சனம் அதை மார்க்கப் பேணுதல் என்று எடுத்துக்கொண்டது. பஸ்ஸில் இருந்து இறங்கியவன் நேரே பள்ளித் தண்ணீர்த் தொட்டிக்குப் போய்க் கை, வாய், மூக்கு, முகம், கால் என்று தொழப்போகிறவரைப் போல வரிசையாகக் கழுவியிருக்கிறான். புழுதியில் குளித்து வந்தவன் வேறு எப்படிக் கழுவுவான்? பார்த்துக்கொண்டிருந்த, பாங்கு சொல்கிற மோதினார் ஓடிப்போய் ஸலாம் சொல்லி இரண்டு கையாலும் கை கொடுக்க, பின்னால் நாற்பது பேர் கை கொடுத்தார்கள். பத்தாவது ஆளுக்குள் அவன் பழகிவிட்டான். கை கொடுத்துவிட்டு நெஞ்சில் கை வைப்பதை நம்மவர்களை விட நறுவிசாகச் செய்தான்.

றவூப் ஒரு காலை நிலத்தில் ஊன்றியபடி ஆங்கிலத்தில் விசாரித்தார். பெயர் நீல்ஸ். ஊர் டென்மார்க். மட்டக்களப்பில் பஸ் ஏறியவன் நித்திரையாகி, கடைசித் தரிப்பில் எழுப்பி இறக்கப்பட்டிருக்கிறான். பொத்துவிலுக்குப் போய்க் கடல் அலையில் விளையாட வேண்டும். இனி விடியத்தான் பஸ்ஸாம். இந்த மனிதர்கள் பேரீச்சம்பழமும் தேத்தண்ணியும் தந்தார்கள், மிகவும் நல்லவர்கள். ஆனால் இது என்ன இடம், தங்குமிடமா?

றவூபுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மரைக்காரின் முகத்தைப் பார்த்தார். பெருநாள் பிறை கண்ட முகம். உண்மையைச் சொன்னால் நாற்பது பேருக்கும் விளக்க வேண்டும். மோதினாரை ஏசுவார்கள், மோதினார் திருப்பி ஏசுவார், மாமனாரின் முகம் வாடுவதை நின்று பார்க்க வேண்டும். கூப்பிடு தூரத்தில் வீடு. வீட்டில் பாய்.

"டென்மார்க்காம். பொத்துவிலுக்குப் போற வழியாம். நல்லாக் களைச்சிப் போனாராம்," என்றார். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

"அஸர் தொழல்லியே?"

"முசாபிர்தானே மாமா. லுஹரோட சேத்துத் தொழுதிட்டாராம்."

அதுதான் அந்தப் பொய். பயணத்தில் இருக்கும் முசாபிருக்கு இரண்டு நேரத் தொழுகையைச் சேர்த்துத் தொழும் சலுகை உண்டென்று ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பொழுது பட்டு மஃரிபுக்குப் பாங்கு சொன்னபோது அதே பொய்யைத் திருப்பிப் போட்டு, இரவு இஷாவோடு சேர்த்துத் தனியாகத் தொழுவாராம் என்றார். மரைக்காருக்குப் பெரிய திருப்தி. "சட்டம் தெரிஞ்ச மனுஷன்," என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார்.

பள்ளியில் படுக்க விட்டால் கதை கந்தலாகிவிடும் என்று பயந்து, நம் வீட்டிலேயே தங்கட்டும் என்று றவூப் அழைத்து வந்துவிட்டார். மாமனார் வீடும் மருமகன் வீடும் ஒரே வேலிக்குள், ஒரே வளவு. மஃரிப் முடிந்த கையோடு சாப்பாடு. ஒரே பெரிய சகன் தட்டில் சோறு, மேலே மாட்டிறைச்சி, சுற்றி ஐந்து பேர். பிஸ்மி சொல்லிக் கை வைக்கும் நேரத்தில் நீல்ஸ் தன் இடது கையைச் சோற்றுக்குள் விட்டான். அவன் பிறவியிலேயே இடது கைக்காரன்.

நான்கு கைகள் அந்தரத்தில் நின்றன.

"வலக்கை சுளுக்கு," என்றார் றவூப். "பஸ்ஸால இறங்கக்குள்ள விழுந்திட்டாராம்." யோசிக்காமலே வந்துவிட்டது. ஒரு பின்னேரத்தில் தன் வாய் இவ்வளவு தேறிவிட்டதே என்று அவருக்கே வெறுப்பாக இருந்தது.

வீட்டுக்கு வந்த முசாபிரின் கை சுளுக்கியிருக்க மரைக்கார் சோறு தின்பாரா? பாண்டிருப்பில் இருந்து முறிவு நெரிவு பார்க்கும் வேலப்போடிப் பரியாரியாருக்கு ஆள் போனது. கால் மணித்தியாலத்தில் எண்ணெய்ப் போத்தலோடு வந்து இறங்கிய பரியாரியார், நீல்ஸின் வலது கையைப் பிடித்து ஒரு இழுவை இழுத்தார். நல்ல கையை அப்படி இழுத்தால் யாருக்கும் நோகும். நீல்ஸ் கத்தினான்.

"பாத்தியளா, நல்லா அடிபட்டிரிக்கி," என்றார் மரைக்கார் கவலையோடு.

பரியாரியார் றவூபின் பக்கம் சரிந்து, "மாஸ்டர், இந்தக் கையில ஒண்டுமில்ல," என்று மெதுவாகச் சொன்னார்.

"தெரியும் பரியாரியார். கட்டி விடுங்க."

நாற்பது வருஷம் கை கால் கட்டியவர், கேள்வி கேட்டுப் பழகியவர் அல்ல. எண்ணெய் தடவி, மூங்கில் பத்தை வைத்து, முழங்கை வரை துணி சுற்றிக் கட்டிவிட்டார். எதற்கு இது என்று நீல்ஸ் கேட்டான். விருந்தாளிக்குச் செய்கிற மரியாதை, இங்கே வழக்கம் என்றார் றவூப். நீல்ஸின் கண் கலங்கிவிட்டது. கட்டுப் போட்ட கையை நெஞ்சில் வைத்து எல்லோருக்கும் தனித்தனியாக நன்றி சொன்னான்.

விடியற்காலைத் தொழுகையான சுபஹுக்குச் சேர்த்துத் தொழுகிற சலுகை கிடையாது. அதற்கு என்ன சொல்வது என்று றவூப் புரண்டு புரண்டு படுத்தது வீண். உறைப்புக் கறி தன் வேலையைக் காட்டி, விடியும் முன்பே நீல்ஸ் வளவின் பின்பக்கத்துக்கு நடையாய் நடந்துகொண்டிருந்தான். வயிற்றோட்டம் என்று சொல்லும்போது, உண்மை சொல்வது எவ்வளவு சுகம் என்று றவூபுக்குத் தோன்றியது.

அன்று வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகைக்கு நின்று நாலு வார்த்தை பேசிவிட்டுப் போகட்டும் என்று மரைக்கார் விடாப்பிடியாக நின்றார். வயிற்றைக் காட்டி அதையும் ஒருவாறு தட்டிக் கழித்தாயிற்று. ஏழு மணிப் பஸ்ஸை மறித்து நல்ல இடம் பிடிப்பதற்காக மரைக்கார் தானே தெருவுக்குப் போனார். விறாந்தையில் றவூபும் நீல்ஸும் மட்டும். இன்னும் பத்து நிமிஷம், இந்தப் பாரம் இறங்கிவிடும், போய்ப் படுக்கலாம் என்று றவூப் கண்ணை மூடினார்.

உள்ளறைக் கதவின் திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது.

"இஞ்ச பாருங்க," என்றாள் ஸகியா. "முசாபிர்ட துஆ தட்டப்படாது எண்டு சொல்றவங்க. அவர்ட்ட ஒண்டு கேக்கணும். நான் சொல்றத அப்பிடியே சொல்லுங்க. கூட்டாம, கொறைக்காம."

றவூப் கண்ணைத் திறந்தார். "என்ன கேக்கணும்?"

"எங்களுக்கு ஒரு புள்ள கேட்டு துஆச் செய்யச் சொல்லுங்க." அவள் கொஞ்சம் நிறுத்தினாள். "அது நாடல்ல எண்டா, நீங்க பாலமுனையில கலியாணம் முடிக்கக்குள்ள என்ட மனசில பொறாம இல்லாம இரிக்க துஆச் செய்யச் சொல்லுங்க."

நீல்ஸிடம் வாயைத் திறந்து எதையாவது முணுமுணுக்கச் சொல்லி, முடிவில் ஆமீன் என்று தான் சொல்லிவிட்டால் காரியம் முடிந்தது. நேற்றுப் பின்னேரம் முதல் செய்துவந்த வேலைதானே. றவூப் அப்படித்தான் நினைத்துக்கொண்டு நீல்ஸின் பக்கம் திரும்பினார். ஆனால் ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கியபோது அவள் சொன்னதுதான் வந்தது. கூட்டாமல், குறைக்காமல்.

நீல்ஸ் கோப்பையைக் கீழே வைத்தான். "எனக்குத் தொழவே தெரியாதே. நான் எதையும் நம்புகிறவன் இல்லை. அவர்களுக்கு இது தெரியாதா?"

"தெரியாது. நான் சொல்லவில்லை."

"ஏன்?"

"களைப்பு."

நீல்ஸ் தன் கைக்கட்டைப் பார்த்தான். அவன் கோபிக்கவில்லை. "நீங்கள் இரண்டாவது திருமணம் செய்யப் போகிறீர்களா?" என்று மட்டும் கேட்டான்.

"இல்லை," என்றார் றவூப். "ஒருநாளும் இல்லை. பிள்ளை இருந்தாலும் இல்லாவிட்டாலும் எனக்கு இவள் போதும். இவளைத் தவிர வேறு யாரையும் நான் நினைத்ததே இல்லை."

ஆங்கிலத்தில் அது தடங்கலில்லாமல் வந்துவிட்டது. அந்தப் பாஷையில் அவருக்கு உம்மா இல்லை, சாச்சிமார் இல்லை, இல்லை என்று சொன்னால் அழுவதற்கு ஒருவரும் இல்லை.

"என்ன கேட்டார்? நெடுகக் கதைச்சீங்க," என்றாள் ஸகியா.

"இவர் ஜமாஅத்துக்காரர் இல்ல, ஸகியா. முஸ்லிமும் இல்ல. கடல் பாக்க வந்தவர். கையில சுளுக்கும் இல்ல. எல்லாம் நான் சொன்ன பொய்."

அடுப்படியில் பால் பொங்கிச் சுருசுருத்தது. அவள் போய்ப் பார்க்கவில்லை.

"அது கெடக்கட்டும்," என்றாள் கடைசியில். "அவர் என்ன கேட்டார்?"

"ரெண்டாங் கலியாணம் முடிக்கப் போறீங்களா எண்டு கேட்டார்."

"நீங்க?"

"இல்ல எண்டு சொன்னன். ஒருநாளும் இல்ல எண்டு சொன்னன். எனக்கு நீ போதும் எண்டு சொன்னன்."

திரையின் ஓரத்தை அவள் விரல்கள் பிடித்திருப்பது தெரிந்தது.

"ரெண்டு வருஷம்," என்றாள். "ரெண்டு வருஷமா உங்கட சட்டைகளத் தோய்ச்சு மடிக்கிற நேரமெல்லாம், இது அலுமாரிக்கா, பாலமுனைக்குக் கொண்டுபோற பெட்டிக்கா எண்டு நெனச்சு நெனச்சு மடிச்சன். அந்த ஒரு சொல்ல என்னட்டச் சொல்லாம, இந்த மனிசனிட்டச் சொல்றீங்க."

தன்னைத் தவிர அந்த வீட்டில் வேறு யாருக்கும் களைப்பு இருக்கலாம் என்று றவூப் நினைத்துப் பார்த்ததே இல்லை. அது அந்த நேரத்தில் உறைத்தது. வெட்கமாகவும் இருந்தது.

தெருவில் பஸ் ஹோர்ன் அடித்தது. நீல்ஸுக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. ஆனாலும் இதற்கு மேல் அங்கே இருக்கக்கூடாது என்பது தெரிந்தது. பையை ஒற்றைக் கையால் தூக்கித் தோளில் போட்டான். றவூபின் தோளைத் தொட்டுவிட்டுத் தானாகவே படி இறங்கிப் போனான். வெளியே சனத்தின் ஸலாம் சத்தம் கேட்டது. வழியனுப்பப் போக வேண்டியவர் றவூப். அவர் போகவில்லை. எழுந்து திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போய், ஸகியாவின் முன்னால் நின்றார்.

"நான் போகமாட்டன் புள்ள," என்றார். "உம்மாட்டயும் இண்டைக்கே சொல்லிர்றன்."

ஸகியா அவர் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நெஞ்சில் முகம் புதைத்து அழுதாள். இரண்டு வருஷத்து அழுகை அவசரமாக முடிகிற காரியமா? றவூப் அசையாமல் நின்றார்.

"மருமகன்," என்று தெருவில் இருந்து மரைக்கார் கூப்பிட்டார். "பஸ் வெளிக்கிடுது. முசாபிருக்கு ஸலாம் சொல்ல வாங்க, மருமகன்."

ஸகியா முகத்தை எடுக்காமலே மறுமொழி சொன்னாள்.

"அவருக்கு இப்ப வர ஏலாது, வாப்பா."