இரண்டு விரல் இடைவெளி

எண்பத்தைந்தாம் ஆண்டுத் தை மாதம் பாரிஸில் கொட்டிய பனி, லா சப்பல் பகுதியில் ஒரு கிடங்கின் வாசல் சரிவைக் கண்ணாடியாக்கிவிட்டிருந்தது. லொறிகள் ஏற வழியில்லை. பனி தள்ளுகிற குட்டி டிராக்டரும் அதில் வழுக்கியது.

"ஓட்டுகிறவன் நீ. சக்கரத்துக்குச் சங்கிலியை நீயே பார்த்து எடுத்து வா. மத்தியானத்துக்குள் பாதை திறக்காவிட்டால் வேறு ஆளை ஏற்றுவேன்" என்று முதலாளியம்மா பியட்றிஸ் கிறிஸ்தோப்பரிடம் பிரெஞ்சில் சொல்லிவிட்டாள். வருடக்கணக்காக உணவகத்தில் கோப்பை கழுவியவனுக்குக் கிடைத்த ஆசனம் அது. மறுபடியும் கோப்பை கழுவப் போக அவனால் முடியாது.

கடைக்குப் புறப்படுமுன் டிராக்டரின் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தான். இரண்டு விரல்தான் போனது. மெல்லிய சங்கிலிதான் சரிவரும்.

ஆனால் கிடங்கின் வான் வண்டியில் பாலச்சந்திரன் அண்ணையும் ஏறிக்கொண்டார். கிறிஸ்தோப்பருக்கு இந்த வேலையை எடுத்துத் தந்தவர். வேலை எடுத்துத் தந்தவர் பக்கத்தில் நின்றால், தின்னும் சோறு முதல் காலில் போடும் சப்பாத்து வரை அவர் சொன்னதுதான் என்பது எங்கள் சனத்தின் எழுதாத சட்டம். நாசமாய்ப் போன சட்டம்!

கடைக்காரன் இரண்டு சோடி எடுத்து வைத்தான். ஒன்று மெல்லிசு, வலைபோல டயரை முழுக்கப் பற்றுவது. மற்றது ஏணிப்படி மாதிரி, தடித்த வளையங்களோடு மொத்தம் மொத்தமாய்.

"உதென்ன, நகைக்கடைச் சங்கிலியே? மொத்தமானதை எடு தம்பி" என்றார் அண்ணை.

"அண்ணை, மட்கார்டிலை இடம் காணாது..."

"நான் யாழ்ப்பாணத்திலை லொறி ஓட்டினனான். எனக்குச் சொல்லித் தாறியோ?"

யாழ்ப்பாணத்தில் எந்தப் பனியில் ஓட்டினாராம்? அதைக் கேட்காமல் கிறிஸ்தோப்பர் காசை எடுத்து நீட்டினான். மொத்தச் சங்கிலிதான் வானில் ஏறியது.

அதைப் பூட்டிய டிராக்டர் சரிவில் பாதிகூட ஏறவில்லை. சங்கிலி மட்கார்டில் மடார் மடாரென்று அடித்து அதைப் பிய்த்தே விட்டது. சத்தம் கேட்டுப் பியட்றிஸ் ஓடி வந்தாள்.

"யார் இதைத் தெரிந்தெடுத்தது?"

"இவன்தான் மதாம். வேண்டாமென்று நான் அப்போதே சொன்னேன்" என்று அண்ணை கூசாமல் பிரெஞ்சில் சொன்னார்.

கிறிஸ்தோப்பருக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றி எரிந்தது. என்ன வாய் இது! பொய் என்று கத்தத்தான் போனான். ஆனால் சங்கிலி எடுக்கும் பொறுப்பைப் பியட்றிஸ் நம்பி ஒப்படைத்தது அவனிடம். கடையில் வாயை மூடிக்கொண்டு நின்றவனும் அவன்தான். அந்த நினைப்பு இன்னும் எரித்தது.

"மத்தியானம் வரைதான்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

சங்கிலியைக் கழற்றி வானுக்குள் எறிந்தான். சரிவராவிட்டால் மாற்றித் தருவதாகக் கடைக்காரன் வாங்கும்போதே சொல்லியிருந்தான். முன் ஆசனத்தில் அண்ணை ஏற்கனவே ஏறி உட்கார்ந்திருந்தார்.

"எடு தம்பி. இந்தமுறை நான் வடிவாப் பாத்து..."

"அண்ணை, இறங்குங்கோ."

"என்ன?"

"இறங்குங்கோ எண்டுறன். நான் வருமட்டும் உந்த ஐசைக் கொத்திக்கொண்டு நில்லுங்கோ."

மண்வெட்டியை அவர் கையில் திணித்துவிட்டு வானை எடுத்தான்.

மத்தியானத்துக்கு முன்பே, மெல்லிய சங்கிலி பூட்டிய டிராக்டர் சரிவில் ஏறியது. நடுவில் மண்வெட்டியோடு நின்ற பாலச்சந்திரன் அண்ணை, ஓரமாய் ஒதுங்கி வழிவிட்டார்.