வாலுவின் முதுகு

அக்கா மகளைக் குளத்துக்கு வர வேண்டாம் என்று சொன்ன அன்று நான் முதலில் திட்டியது அவளுடைய நீச்சல் கோச்சை. அடுத்து அக்காவை. என்னை நானே திட்டிக்கொள்வதற்கு இன்னும் மூன்று வாரம் ஆனது.

பதினோரு வருடமாக ஒரு மருந்துக்கடையில் நிற்கிறேன். அதற்கென்று ஒன்றும் படிக்கவில்லை, பார்த்துப் பழகியதுதான். எந்த மாத்திரை எந்தத் தட்டில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். தெருவில் எனக்கு 'டாக்டரம்மா' என்று பெயர். கிண்டல்தான், ஆனாலும் எனக்கு அதில் உள்ளூரப் பெருமை.

அக்கா மகள் வாலுவுக்குப் பதினைந்து வயது. சின்ன வயதில் செய்த சேட்டைக்கு வீட்டில் வைத்த பெயர், அப்படியே நின்றுவிட்டது. ஒரு வருடமாக அவள் முதுகில் பரு. தோளிலிருந்து நடுமுதுகு வரை சிவந்து, சீழ் கட்டி, நாற்காலியில் சாய முடியாமல் நிமிர்ந்தே உட்காருவாள். அழுக்குதான் காரணம் என்று அக்கா முடிவு கட்டிவிட்டாள். "ஒழுங்கா தேய்ச்சுக் குளிச்சா இதெல்லாம் வருமா?" என்று தேங்காய் நாரை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போவாள். பிள்ளை கத்துகிற கத்தல் வாசல் வரை கேட்கும். தினம் நாலு மணி நேரம் தண்ணீரில் கிடக்கிறவள் முதுகில் என்ன அழுக்கு இருக்கும்? கேட்டால் அக்கா என் மேல் பாய்வாள்.

காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று நான் உள்ளே புகுந்தேன். கடையிலிருந்து ஒரு ட்யூப் கொண்டுவந்தேன். படை, அரிப்பு, பரு என்று யார் எதற்கு வந்தாலும் எங்கள் முதலாளி எடுத்து நீட்டச் சொல்கிற ட்யூப். டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாததுதான். யார் கேட்கிறார்கள்? மூன்றே நாளில் சிவப்பு அடங்கியது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த மாதம் முதுகு முழுக்கப் பொரிந்துவிட்டது.

"சித்தி, பீரியட்ஸ் வர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடிதான் இது ஜாஸ்தியாகும். ஒவ்வொரு மாசமும் பாத்துட்டேதான் இருக்கேன். ஆனா இப்ப எப்பவுமே இருக்கு. இந்த மருந்து வேணாமே."

"அதுக்கும் இதுக்கும் என்னடி சம்பந்தம்? பாக்கறதுக்குத்தான் நான் இருக்கேன்ல? திரும்பு."

திரும்பினாள். இரண்டு மடங்கு தடவினேன்.

மூன்றாவது மாதத் தொடக்கத்தில் கோச் கூப்பிட்டு, ஒட்டிக்கொள்ளும் என்று மற்ற பிள்ளைகளின் அம்மாக்கள் பயப்படுகிறார்கள், ஒட்டாது என்று டாக்டர் எழுதிக் கொடுக்கும்வரை தண்ணீரில் இறங்க வேண்டாம் என்றார். பெரிய அணிக்கான தேர்வுக்கு ஏழு வாரம் இருந்தது. இரண்டு வருடமாக அந்தப் பிள்ளை விடியுமுன் எழுந்து ஓடியதெல்லாம் அதற்காகத்தான். தோல் டாக்டரிடம் இடம் கிடைக்க மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் வாலு ஜன்னலோரம் உட்கார்ந்து நகத்தைக் கடித்தாள். நான் ட்யூபை விடவில்லை.

அந்த டாக்டரம்மா முதுகைப் பார்த்துவிட்டு, "எப்பல்லாம் ஜாஸ்தியாகுது?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் வாலு பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். நீச்சல் நேரத்தைக் குறித்து வைக்கிற நோட்டு. ஓரத்தில் பீரியட்ஸ் நாளுக்கு வட்டம், முதுகு மோசமான நாளுக்குப் பெருக்கல் குறி. பத்து மாதக் கணக்கு. முதல் ஏழு மாதமும் பெருக்கல் குறிகள் வட்டத்துக்கு முந்தைய வாரத்திலேயே கூடி நின்றன. அடுத்துக் கொஞ்ச நாள் குறியே இல்லை, அப்புறம் பக்கம் முழுக்கப் பெருக்கல் குறிதான்.

டாக்டர் அங்கே விரலை வைத்தார். "இங்கேருந்து என்ன ஆச்சு? புதுசா ஏதாவது போட்டீங்களா?"

நான் ட்யூபை எடுத்துக் கொடுத்தேன்.

"யார் எழுதிக் கொடுத்தது?"

அக்கா என்னைப் பார்த்தாள். "நான்தான்," என்றேன்.

"நீங்க டாக்டரா?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"இதுல ஸ்டீராய்டு இருக்கு. முதல்ல அடக்கற மாதிரி அடக்கிட்டு, அப்புறம் இதுவே பருவைக் கிளப்பும்," என்றார். பிறகு வாலுவிடம், "நீ கண்டுபிடிச்சதுதான் சரி. பீரியட்ஸுக்கு முன்னாடி ஹார்மோன் மாறுறதால வர்றது. உன் தப்பும் இல்ல, அழுக்கும் இல்ல," என்றார்.

நாரைக் குப்பையில் போடச் சொன்னார். குளத்திலிருந்து ஏறியதும் ஈர உடையை மாற்றிக் குளிக்க வேண்டும். முதுகில் பூசிச் சில நிமிடம் விட்டுக் கழுவ ஒரு மருந்து. அது துணியை வெளுக்க வைக்கும் என்பதால் வெள்ளைத் துண்டு. ராத்திரிக்கு ஒரு ஜெல். பரு இல்லாத நாளிலும் விடாமல் போட வேண்டும், பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். இது ஒட்டாது, நீந்தலாம் என்று கடிதமும் எழுதிக் கொடுத்தார். எனக்குப் பாதிதான் காதில் விழுந்தது. இந்தப் பதினோரு வருடத்தில் எத்தனை பேருக்கு அந்த ட்யூபை நீட்டியிருப்பேன் என்று நினைக்க நினைக்க என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றியது.

ராத்திரி ஜெல்லை வாங்கக் கையை நீட்டினேன். அவள் கை எட்டாத இடம், வேறு யாராவதுதான் போட்டுவிட வேண்டும். வாலு என்னைத் தாண்டிப் போய் அக்காவிடம் கொடுத்தாள். நாரால் தேய்த்த அம்மா பரவாயில்லை, நான்தான் ஆகவில்லை.

மறுநாள் காலை கடைக்கு மட்டம் போட்டுவிட்டு அவளோடு குளத்துக்குப் போனேன். யாரையாவது கிழித்துத் தோரணம் கட்டாமல் எனக்கு ஆறாது. பஸ்ஸிலேயே வசனமெல்லாம் தயார் செய்துவிட்டேன். கோச் விசிலும் கழுத்துமாக நின்றார். பெஞ்சில் நாலு அம்மாக்கள்.

"என்ன சார் நினைச்சிட்டிருக்கீங்க? பொம்பளப் பிள்ளைய இப்படி..."

"சித்தி, வாய மூடு."

வாலுதான். மெதுவாகக்கூடச் சொல்லவில்லை. "உன் பேச்சைக் கேட்டுத்தான் மூணு மாசம் நாசமாப் போச்சு."

பெஞ்சில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு முகம் செத்துப்போனது.

கடிதத்தைக் கோச் கையில் கொடுத்தாள். நீச்சல் உடைக்கு மேலே போட்டிருந்த டீ-ஷர்ட்டைக் கழற்றினாள். அம்மாக்களுக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

"நல்லாப் பாத்துக்கங்க. இது பரு. பீரியட்ஸுக்கு முன்னாடி ஜாஸ்தியாகும். ஒட்டாது. சந்தேகம் இருக்கறவங்க வந்து தொட்டுப் பாக்கலாம்."

யாரும் எழுந்திருக்கவில்லை. கோச் கடிதத்தைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், அவள் இருந்த பக்கம் மட்டும் பார்க்கவில்லை. "சரிம்மா, சரிம்மா," என்றார்.

"என்ன சார் சரி? மூணு வாரம் வீட்ல உக்கார வச்சீங்க. இன்னும் நாலு வாரம்தான் இருக்கு எனக்கு."

"எறங்கும்மா."

குதித்தாள். தெறித்த தண்ணீர் என் புடவையை நனைத்தது. எதிர்ப்பக்கச் சுவரைத் தொட்டுவிட்டு அவள் திரும்பிக்கொண்டிருக்கும்போது பெஞ்சிலிருந்து ஒரு அம்மா எழுந்து என் பக்கத்தில் வந்தாள்.

"பொம்பளப் பிள்ள, ஆம்பளைங்க இருக்கற இடத்துல இதெல்லாமா பேசும்? நீங்க கொஞ்சம் சொல்லி வைக்கக் கூடாதா?"

"நாங்க சொல்லிச் சொல்லித்தாங்க அவ முதுகு இப்படி ஆச்சு," என்றேன்.