கழுத்துத் துண்டு

கனவில் ஒற்றைக் காலில் நிற்கிறது வாத்து, வீட்டுக்குப் பின்னால் ஓடும் கால்வாயில், மற்றக் காலை வயிற்று இறகுக்குள் மடக்கிக்கொண்டு, அந்தக் காலைத்தான் எனக்காக வெட்டிவிட்டார்கள் என்று நினைக்கிறேன், விழித்த பிறகும் நினைக்கிறேன், சித்தியவானுக்குப் பேருந்து ஏறும்போதும், அங்கே என்னைப் பெற்றவள் இருக்கிறாள், பூச்சோ சீன வீட்டுப் பெண், ஐந்தாவதும் பெண்ணாகப் பிறந்த என்னைப் பக்கத்து எஸ்டேட்டில் பால்மரம் வெட்டிய அஞ்சலையிடம் கொடுத்தவள், அஞ்சலைதான் எனக்கு அம்மா, என் சின்னக் கண்ணைப் பார்த்துச் சிரித்தவர்களை விளக்குமாற்றோடு துரத்தியவள், எனக்குத் தெரிந்த மொழியெல்லாம் அவள் பேசியது. எனக்குப் பிறகு பிறந்த தம்பி சியோங் என்னைத் தேடி வந்தபோது எனக்குக் கல்யாணமாகியிருந்தது, அம்மா என் தலையைத் தடவினாள், போயிட்டு வா பாப்பா, வாத்து ஆக்கிப் போடுவாளுங்க, நல்லாத் தின்னு, அவ இருன்னு சொன்னான்னு அங்கயே இருந்துறாத. பெற்றவள் இரு என்று சொல்லவில்லை. சிவப்பு அரிசி மதுவில் வெந்த வாத்து, நூல்போல மெலிந்த மீசுவா சேமியா, அகப்பையைச் சாய்த்து என் கிண்ணத்தில் காலை வைத்தாள், இறைச்சி எலும்பை விட்டுத் தானாகக் கழன்றது, சியோங் கழுத்தை இரண்டு கையாலும் பிடித்து உறிஞ்சிக்கொண்டிருந்தான், அவள் அவனைத் திட்டினாள், அவன் வாய் நிறைய எலும்போடு திருப்பித் திட்டினான், எனக்கும் கழுத்துதான் பிடிக்கும் என்றேன், டயர் கடையில் கற்ற தமிழில் சிரித்தான், கால் கெஸ்டுக்கு அக்கா, களுத்துல என்னா இருக்கு, எலும்பு, அது வீட்டு ஆளு சாப்புடும், ஒனக்குக் குடுத்தா எங்கம்மாவுக்கு வெக்கம். எங்கம்மா என்றான். ஒவ்வொரு வருடமும் அவள் பிறந்தநாளுக்குப் போகிறேன், ஒவ்வொரு வருடமும் கால், நானும் உன் பிள்ளைதான் என்பதை மலாயில் சொல்லிப் பழகிக்கொண்டு போவேன், மாக்கான், மாக்கான், சாப்பிடு என்று அவளுக்குத் தெரிந்த ஒரே மலாய்ச் சொல்லால் என் வாயை நிரப்புவாள், அஞ்சலை அம்மா இறந்துவிட்ட பிறகு என்னைத் திட்டுவதற்கு யாருமில்லை.

இந்த வருடம் சியோங் போனில் சொன்னான், வா அக்கா, அம்மாக்கு ஞாபகம் போச்சு, யாரயும் தெரியாது, வாத்து மட்டும் மறக்கல. மறக்கவில்லை, அடுப்பருகே அதே நிற்பு, அதே அகப்பை, மூன்று பேருக்கு மூன்று கிண்ணம், என் கிண்ணத்தில் கால், இப்போது கழுத்தைக் கேட்டுவிடலாம் என்று வாய் திறக்கிறேன், அவள் மறுபடி பானைக்குள் துழாவுகிறாள், இன்னொரு காலை எடுக்கிறாள், சியோங்கின் கிண்ணத்தில் வைக்கிறாள், கிண்ணத்தை இரண்டு கையாலும் அவன் பக்கம் நகர்த்தித் தலையைக் கொஞ்சம் தாழ்த்தி மெல்ல ஏதோ சொல்கிறாள். என்ன சொன்னாங்க என்று அவனைக் கேட்கிறேன். தூரத்துலேர்ந்து வந்துருக்கீங்க, சாப்புடுங்கன்னு சொல்லுது. அவன் அந்த வீட்டை விட்டுத் தனியே குடி போகாதவன், அவளுக்காகவே கல்யாணம் வேண்டாமென்றவன், தலை நரைத்தவனுக்கு இதுதான் முதல் கால், அதை எப்படிப் பிடிப்பதென்று தெரியாமல் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான், திட்டச் சொல்லு அக்கா, ஒருவாட்டி என்னத் திட்டச் சொல்லு என்கிறான், யாரிடம் சொல்வேன், எந்த மொழியில் சொல்வேன். அவனே சொல்கிறான், களுத்து பானையில இருக்கு, வேணும்னா எடுத்துக்க. எடுத்துக்கொள்ளலாம், யாரும் தடுக்கவில்லை, எடுத்துக்கொள்வதற்கா இத்தனை வருடம் வந்தேன். மாக்கான், மாக்கான் என்கிறாள், மரியாதையாகச் சிரித்துக்கொண்டு, நாங்கள் சாப்பிடுவதற்காகக் காத்திருக்கிறாள், சாப்பிடுகிறோம், சிவந்த நீரில் மிதக்கிறது வாத்து, இரண்டு காலும் போய்விட்டது, இனி நிற்காது, கழுத்து மட்டும் பானை விளிம்பில் வளைந்து கிடக்கிறது, வீட்டு ஆள் யாராவது வருவார்கள் என்று.