தைஸியா விழித்திருக்கும் நாள்

வோலக்தா நகரத்தில், ரயில் நிலையத்துக்குப் பின்னால் உள்ள மரவீடுகளில் ஒன்றில், தைஸியா என்பவள் 1985 நவம்பர் ஏழாம் தேதி மாலை தெருவிளக்கு எரிந்ததும் தூங்கப் போனாள். அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒரு நாள், அதே தேதியில் வரும் தேசிய விடுமுறையன்று மட்டும், கண் விழித்தாள். காலை ஏழு மணிக்கு எழுவாள், முகம் கழுவுவாள், ரவைக் கஞ்சி கேட்பாள், தெருவிளக்கு எரிந்ததும் திரும்பப் படுத்துவிடுவாள். முதல் சில வருடங்கள் லெனின்கிராடிலிருந்து மருத்துவர்கள் வந்து ரத்தம் எடுத்துப் போனார்கள். பிறகு அவர்களுக்கும் அலுத்தது. வட்டார மருத்துவமனை அட்டையில் ‘தூக்கம்: நன்று’ என்று எழுதி மூடிவிட்டார்கள். விழித்திருக்கும் நாளில் மட்டுமே அவளுக்கு வயது ஏறியது. தூங்கப் போனபோது இருபத்துநான்கு, முப்பத்துநான்கு வருடம் கழித்தும் அதே இருபத்துநான்குதான், ஒரு மாதம் மட்டும் கூடுதல்.

கணவன் மிரோன் ஆறு வருடம் காத்திருந்தான். ஆறாவது முறை விழித்தபோது தைஸியா அவன் காலரின் அழுக்கைப் பார்த்துவிட்டு, “எனக்கு இன்னும் ஒரு வாரம்கூட ஆகல. உனக்கு ஆறு வருஷம். சூப் வைக்கத் தெரிஞ்சவளா ஒருத்தியப் பாரு” என்றாள். அவளைப் புரட்டிப் படுக்கவைக்க மருத்துவமனையிலிருந்து வந்துகொண்டிருந்த நோன்னாவுக்கு சூப் வைக்கத் தெரிந்திருந்தது. அடுத்த வசந்தத்தில் கல்யாணம் பதிவானது. நோன்னா அந்த வீட்டுக்கே வந்து, முன்பு போலவே தைஸியாவைப் புரட்டிவிட்டு, சனிக்கிழமைதோறும் தலை கழுவிவிட்டாள்; மூன்று பேரும் ஒரே குடும்பமாகவே இருந்தார்கள்.

தைஸியாவுக்குப் பிறந்த வீட்டில் மிஞ்சியது தங்கை ரிம்மா மட்டும். அக்காவைவிட நான்கு வயது இளையவள். வடக்கே வொர்க்கூத்தாவில் நிலக்கரிச் சுரங்க உணவகத்தில் சமையல் வேலை. ஒவ்வொரு நவம்பரிலும் முப்பத்திரண்டு மணி நேரம் ரயிலில் வந்து, அந்த வருடத்துச் செய்தியை அக்காவிடம் சொல்வாள். 1992இல் நாடு கலைந்த செய்தியைக் கொண்டுவந்தாள். “அப்போ நாம எங்கடி இருக்கோம்?” என்று தைஸியா கேட்டாள். “இங்கதான்க்கா” என்றாள் ரிம்மா. அம்மா இறந்த வருடம் தைஸியா பகல் முழுக்க அழுதாள். மறு வருடம் கண் விழித்ததும் விட்ட இடத்திலிருந்து அழுதாள். ரிம்மாவோ அதற்குள் கல்லறைக்கு வேலி அடித்து, அந்த வேலிக்கு இரண்டாம் முறை வர்ணமும் பூசியிருந்தாள். ரிம்மாவின் கல்யாணம், புருஷன் விட்டுப்போனது, மகன் தூரதேசம் போய்க் கடிதம் போடாதது எல்லாமே தைஸியாவுக்கு ஒரு மாதத்துக்குள் நடந்த சங்கதிகள். அத்தனைக்கும் தங்கையையே திட்டினாள். “ஒரு வாரத்துல புருஷனத் தொலைச்சுட்டு வந்து நிக்கிறியே” என்பாள்.

2005இல் அரசாங்கம் விடுமுறையை ஏழாம் தேதியிலிருந்து நான்காம் தேதிக்கு மாற்றியது. ஊரில் பாதிப் பேர் பழைய தேதியிலேயே கொடி பிடித்தார்கள். தைஸியா மட்டும் உத்தரவைச் சரியாகக் கடைப்பிடித்து நான்காம் தேதி எழுந்துவிட்டாள். பகல் முழுக்க ஜன்னலில் உட்கார்ந்து தங்கையைத் தேடியிருக்கிறாள். ரிம்மா வழக்கம்போல ஆறாம் தேதி வந்து இறங்கினாள். கட்டிலருகே இரண்டு நாள் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பிப் போனாள். அதன் பிறகு நான்காம் தேதியை ஒரு வருடமும் தவறவிடவில்லை.

ஆனால் 2019இல் அவளுக்கு ஐம்பத்துநான்கு வயது. முழங்கால் இரண்டும் வீங்கியிருந்தன. சுரங்கத்தில் ஆள் குறைத்ததால் மூன்று பேர் வேலையை ஒருத்தியாகப் பார்த்தாள். இனி வருவதில்லை என்று அந்த முறை முடிவு செய்திருந்தாள். ‘அக்கா, என்னால முடியல, இனிமே நான் வரமாட்டேன்’ என்ற வாக்கியத்தை ரயில் ஏறியதிலிருந்து மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். தடுப்பறை இல்லாத பொதுப் பெட்டியில் கழிவறைக்குப் பக்கத்துக் கீழ்ப் படுக்கை. கதவு அடித்துக்கொண்டே இருந்ததில் கண் மூடவில்லை. இந்தா என்ற ஊரைத் தாண்டியதும் தண்டவாளத்தில் பனி மூடி, வண்டி எட்டரை மணி நேரம் நின்றது.

எதிரே முட்டை உரித்துக்கொண்டிருந்தவர், “நாலாம் தேதி அப்படி என்னதாம்மா விசேஷம்?” என்று தேநீர் கொண்டுவந்த பெட்டிப் பணிப்பெண்ணைக் கேட்டார்.

“போலந்துக்காரங்கள மாஸ்கோவ விட்டு விரட்டின நாளாம்.”

“எப்போ?”

“நானூறு வருஷம் இருக்கும்.”

“அதுக்கு இப்பத்தான் லீவு விட்டாங்களா? நம்ம வண்டி பரவால்ல.”

பெட்டியே சிரித்தது. ரிம்மா மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலை ஆறு மணிக்குச் சேர வேண்டிய வண்டி பிற்பகல் இரண்டரைக்குச் சேர்ந்தது. நிலையத்துக்கு வெளியே விடுமுறைக் கொடிகள் ஈரத்தில் கம்பத்தோடு ஒட்டிக்கிடந்தன. பேருந்துக்கு நிற்காமல் நடந்தாள். கதவைத் திறந்த நோன்னா, “காலைலேருந்து நாலு தடவ ஸ்டேஷனுக்குக் கிளம்பிட்டா. நாந்தான் பிடிச்சு உக்காரவெச்சேன். போ, இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கு” என்றாள்.

தைஸியா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பார்த்தால் ரிம்மாவின் மகள் வயதுதான் இருக்கும். எழுந்து வந்து ரிம்மாவின் தொப்பியைக் கழற்றினாள்.

“தலைய வாரக் கூட நேரமில்லையாடி? நேத்துதான் ஒழுங்கா பின்னி அனுப்பினேன்.”

“அக்கா” என்றாள் ரிம்மா. “அக்கா, என்னால முடியல.”

“முடியலைன்னா படு” என்றாள் தைஸியா.

மீதி வாக்கியத்தைச் சொல்ல ரிம்மா வாய் திறந்தாள். அதற்குள் தைஸியா குனிந்து அவள் பூட்ஸ் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்திருந்தாள். ஈரக் கயிறு, முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்து இழுத்தாள். கட்டில் கதகதப்பாக இருந்தது. ஒரு வருடம் முழுக்க ஒருத்தி படுத்திருந்த சூடு அதில் இருந்தது. ஐந்து நிமிடம் சாய்ந்துவிட்டு உட்கார்ந்து சொல்லிவிடலாம் என்று ரிம்மா நினைத்தாள். நினைத்து முடிப்பதற்குள் தூங்கிப்போனாள்.

விழித்தபோது ஜன்னலில் தெருவிளக்கின் மஞ்சள் விழுந்திருந்தது. பக்கத்தில் தைஸியா சுவரோரமாக ஒடுங்கி, தங்கைக்கு இடம் விட்டு, தூங்கிக்கொண்டிருந்தாள். ரிம்மாவின் தலை வாரிப் பின்னப்பட்டிருந்தது.

ரிம்மா எழுந்து அடுக்களைக்குப் போனாள். மிரோன் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான்.

“எழுப்பியிருக்கலாமே அத்தான். வருஷத்துக்கு ஒரு நாள். அதையும் நான் தூங்கியே தொலைச்சுட்டேனே.”

“எழுப்ப வந்தேன். சீப்பாலயே அடிக்க வந்துட்டா.”

“என்ன பண்ணிட்டிருந்தா?”

“ஒண்ணும் பண்ணல. உன்னையே பாத்துட்டு இருந்தா. சாப்பிடக் கூப்பிட்டோம், வரல. நீ உங்கம்மா மாதிரியே குறட்டை விடறியாம். சத்தம் கேட்டுடக் கூடாதுன்னு வாயப் பொத்திச் சிரிச்சா.” மிரோன் கிழங்கைத் தண்ணீரில் போட்டான். “விளக்கு எரியறப்போ ஒண்ணு சொல்லச் சொன்னா. நாளைக்காவது சீக்கிரம் வரணுமாம்.”

ரிம்மா ஸ்டூலில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நோன்னா தட்டை வைத்தாள். முட்டைக்கோஸ் சூப்பை இரண்டு தட்டு குடித்துவிட்டு ரிம்மா ரயிலுக்குப் போனாள். அந்த வாக்கியத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

மறு நவம்பரில் ஒரு நாள் முன்பாகவே வந்து சேர்ந்தாள். அந்த வருடம் ஊர் உலகத்தில் செய்திகளுக்குப் பஞ்சமில்லை. அக்காவும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. காலை ஏழு மணிக்குத் தைஸியா எழுந்து இடம் விட்டாள். ரிம்மா பூட்ஸைக் கழற்றிவிட்டுப் படுத்தாள். தைஸியா கஞ்சிக் கிண்ணத்தோடு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அன்றிலிருந்து அதுதான் வழக்கம். கதவைத் தட்டினால் தைஸியா அடிக்க வருவாள் என்பதால், தபால்காரி விடுமுறையன்று வரும் தந்தியைக்கூடக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போகிறாள். நான்காம் தேதி அந்தக் கட்டிலில் தூங்குவது தங்கை, மற்ற நாள்களில் அக்கா. குடியிருப்பில் எல்லாருக்கும் இது தெரியும். அன்றைக்கு யாரும் அந்த ஜன்னல் பக்கம் வெடி வெடிப்பதில்லை.