மாப்பிள்ளை மட்டும் பளிச்

தேவிப்பிரியா அந்தச் செய்தியை நல்லவிதமாகத்தான் சொன்னாள்.

"மாமா, என் கல்யாணத்துல நீ ஃபோட்டோ எடுக்காத. நீ ஃபோட்டோவுல நில்லு. எடுக்கறதுக்கு முதலியார்பேட்டை கார்குழலி அக்காகிட்ட சொல்லிட்டேன்."

முன்னால் சொன்னது எதுவும் பாலகுருவின் காதில் ஏறவில்லை. கடைசியாகச் சொன்ன பெயர் மட்டும் ஏறி, உள்ளே போய், அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

குருசுக்குப்பத்தில் அவன் எடுக்காத கல்யாணம் அபூர்வம். அப்படியிருக்க, சொந்த அக்கா வீராயியின் மகளுக்கு, தாய்மாமன் உயிரோடு இருக்கும்போது, வேறொருத்தி வந்து எடுப்பதா? ஊர் என்ன சொல்லும் என்று அவன் யோசித்து முடிப்பதற்குள் ஊர் சொல்லிவிட்டது. மீன் ஏலம் நடக்கும் இடத்தில் அய்யப்பன் எல்லோர் முன்னாலும் கேட்டான்: "இன்னா பாலு, உன் அக்கா பொண்ணே உன்ன நம்பலயா?"

கார்குழலிக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. அப்பா மில்லில் வேலை பார்த்தவர். அவள் எடுத்த படங்களை பாலகுரு பார்ப்பதே இல்லை என்று வெளியே சொல்லிக்கொண்டான். உண்மையில் சாப்பிடும்போதுகூட ஒரு கையில் சோறும் மறு கையில் போனுமாக அவளுடைய இன்ஸ்டாகிராம் பக்கத்தைத்தான் தள்ளிக்கொண்டிருப்பான்.

"சோத்தப் பாத்துத் தின்னுய்யா," என்பாள் மனைவி வினோதா. "அவ ஃபோட்டோவத் தின்னா வயிறு ரொம்பாது."

அவனை வாட்டியது அவளுடைய மத்தியான வெயில் படங்கள். வானம் மை கரைத்தாற்போல் நீலமாக இருக்கும். முன்னால் நிற்பவர்கள் முகம் மட்டும் தனியாக ஒளிரும். அவன் அதே வெயிலில் எடுத்தால் வானம் வெளுத்த வேட்டிபோல வந்தது. காரணம் அவனுக்குத் தெரியாமல் இல்லை. வானத்தை இருட்டாக்க வேண்டுமானால் ஷட்டர் வேகத்தை ஏற்ற வேண்டும். அப்போது முகம் கறுத்துப்போகாமலிருக்க ஃபிளாஷ் வேண்டும். ஆனால் ஃபிளாஷ் போட்டுக்கொண்டு இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது.

கேமராவுக்குள் இரண்டு திரைகள் உண்டு. பொத்தானை அமுக்கினால் முதல் திரை மேலிருந்து கீழாக விலகி வழிவிடும். இரண்டாவது அதன் பின்னாலேயே வந்து மூடும். ஃபிளாஷோ, இமைப்பதற்குள் அடித்து ஓய்ந்துவிடுகிற சமாசாரம். அதனால் இரண்டு திரைகளும் ஒதுங்கி, படம் முழுவதும் திறந்து கிடக்கும் அந்தத் துளி நேரத்தில் அது அடித்தாக வேண்டும். பாலகுருவின் கேமராவில் வேகம் இருநூறு, அதாவது ஒரு நொடியில் இருநூறில் ஒரு பங்கு, அதுவரைக்கும் அப்படி ஒரு நேரம் கிடைக்கும். அதற்கு மேல் ஏற்றினால், முதல் திரை போய்ச் சேர்வதற்கு முன்பே இரண்டாவது கிளம்பிவிடும். நடுவே ஒரு சந்து மட்டும் நகர்ந்து போகும். ஃபிளாஷ் வெளிச்சம் அந்தச் சந்துக்குக் கிடைக்கும். மற்ற இடம் இருட்டு. இது அவனுக்குத் தன் வீட்டு நிலைப்படி எவ்வளவு தாழ்வு என்று தெரிவதுபோலத் தெரியும். பிறகு அவள் மட்டும் எப்படி எடுக்கிறாள்?

அக்கா வீட்டுக்குப் போய்ச் சண்டை பிடித்தான்.

"மண்டப வாசல்ல ஆள் உயரத்துக்கு பேனர் வெப்பீங்கல்ல, அந்தப் படமாவது என்னுதா இருக்கணும். இல்லன்னா நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு மண்டபத்துக்குள்ள நுழையறது?"

"இருக்கற மூஞ்சிய வெச்சிக்கினு வா," என்றாள் வீராயி. பிறகு தம்பி முகத்தைப் பார்த்து இறங்கி வந்தாள். "சரிடா. ரெண்டு பேரும் எடுங்க. எது நல்லாருக்கோ அத வெப்போம்."

பிள்ளைச்சாவடி கடற்கரையில், கார்குழலி கேட்டபடியே, உச்சி வெயிலில் கூடினார்கள். மாப்பிள்ளை மதிவாணன் பட்டு வேட்டியில் வியர்த்து நின்றான். கரையேற்றிய படகின் நிழலில் அய்யப்பன் வலை பின்னிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, நீங்க மொதல்ல எடுக்கறீங்களா?" என்று கார்குழலி கேட்டாள்.

"நீ எடும்மா. நான் வெளிச்சம் வரட்டும்னு பாக்கறேன்."

"இன்னும் வெளிச்சம் வரணுமா?" என்று அய்யப்பன் தலைக்கு மேலே பார்த்தான்.

அவள் தன் ஃபிளாஷைக் கம்பத்தில் மாட்டி, மணமக்கள் கைநீட்டினால் தொடும் தூரத்துக்குக் கொண்டுபோய் வைத்தாள். 'மூஞ்சியிலேயே கொண்டுபோய் வைக்கிறா பாரு' என்று பாலகுரு மனதுக்குள் சிரித்துக்கொண்டான். ஒவ்வொரு படம் எடுத்ததும் கேமராவைத் திருப்பிப் பின்பக்கத் திரையைக் கையால் மறைத்துப் பார்த்தாள். அதற்கு அவன் வாய்விட்டே சொன்னான்:

"எடுத்து எடுத்துப் பாக்கறவங்கள நாங்க கத்துக்குட்டின்னுவோம். இது ஃபிலிம்ல பழகின கை. எடுத்தப்பறம் பாக்கற வேலையே கெடையாது."

அய்யப்பன் சிரித்தான். கார்குழலியும் சிரித்தாள். "எனக்கு சந்தேகம் ஜாஸ்திண்ணே. பாத்தாத்தான் மனசு ஆறும்."

தண்ணீர் குடிக்க அவள் கேமராவைப் படகு விளிம்பில் வைத்தபோது பாலகுரு அந்தப் பக்கமாக ஒரு நடை நடந்தான். திரையில் எண் தெரிந்தது. ஐந்நூறு. அதற்குக் கீழே அவள் கடைசியாக எடுத்த படம்: நீல வானம், இரண்டு முகத்திலும் குறையாத வெளிச்சம்.

இருநூறு என்பது கடைக்காரன் கட்டிவிட்ட கதையா? இத்தனை நாளும் தான் மட்டும்தான் அந்தக் கோட்டுக்குள் நின்றுகொண்டிருந்தோமா? "எப்படிம்மா?" என்று கேட்டால் சொல்லியிருப்பாள். கேட்பதைவிடக் கடலில் இறங்கிவிடலாம். இவளால் முடிந்தது என்னால் முடியாதா என்று தன் கேமராவையும் ஐந்நூறில் வைத்தான்.

அவனுக்குத் தெரியாத சங்கதி, அவளுடைய ஃபிளாஷ் வேறு சாதி. சந்து நகர்ந்து போகும் நேரம் முழுவதும் அது விடாமல் சின்னச் சின்னதாகத் துடித்துக்கொண்டே இருக்கும். அப்படித் துடிக்கும்போது பலம் குறையும். கிட்டே கொண்டுபோய் வைத்தது அதற்காகத்தான். பாலகுருவின் ஃபிளாஷ் பழசு. ஒரே அடி, அவ்வளவுதான். அதையும் அவன் கேமராவின் தலையில் மாட்டியிருந்தால் கேமராவே இருநூறுக்கு மேல் ஏற விட்டிருக்காது. கம்பத்தில் தள்ளி வைத்து, மலிவான டிரிக்கரால் இயக்கினான். அந்த டிரிக்கருக்கு 'அடி' என்று சொல்ல மட்டுமே தெரியும். ஃபிளாஷ் ஒன்று இருப்பதே கேமராவுக்குத் தெரியாது.

பேனர் நெட்டுக்குத்தல் என்பதால் கேமராவையும் நெட்டாகத் திருப்பிப் பிடித்தான். உள்ளே மேலிருந்து கீழே ஓடும் திரைகள் இப்போது பக்கவாட்டில் ஓடின.

"மாப்ள, தாடைய ஏத்து. பிரியா, மாமாவப் பாரு. அவ்ளோதான்."

மணலில் மண்டியிட்டான், எழுந்தான், மறுபடி மண்டியிட்டான். ஃபிளாஷ் ஒருமுறைகூடத் தவறாமல் அடித்தது. "செமயா அடிக்குதுபா," என்று அய்யப்பனே சான்று கொடுத்தான். நடுவில் ஒருதரம் பாலகுருவின் கட்டைவிரல் படம் பார்க்கும் பொத்தானிடம் போனது. கார்குழலி பார்த்துக்கொண்டிருந்தாள். விரலை அப்படியே மேலே கொண்டுபோய் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டான்.

சாயங்காலம் வீராயி வீட்டு டிவியில் படங்களைப் போட்டார்கள். முதலில் தன்னுடையதைப் போடச் சொல்லி பாலகுருவே கேட்டு வாங்கினான்.

வானம் வந்தது. மை கரைத்த அதே நீலம். ஒரு மூச்சு அளவுக்கு அவன் சந்தோஷமாக இருந்தான்.

அந்த வானத்தின் கீழே மதிவாணன் பளிச்சென்று நின்றான். அவன் பக்கத்தில் தேவிப்பிரியா இருட்டில் நின்றாள். ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்ததுபோல் படம் நடுவில் பிரிந்து, ஒரு பாதி பகலாகவும் மறுபாதி பொழுது சாய்ந்தும் கிடந்தது. அடுத்த படமும் அப்படியே. அதற்கடுத்ததும். ஒன்றில் அவள் மாப்பிள்ளை தோளில் சாய்ந்திருந்தாள். மூக்குத்தி இருந்த பாதி முகம் மட்டும் வெளிச்சத்தில் இருந்தது.

"இன்னாடா இது? என் பொண்ணு எங்க?" என்றாள் வீராயி.

"மாப்பிள்ளைக்கு மட்டும் கல்யாணம் போல," என்றாள் வினோதா.

மதிவாணன் நிலைமையைச் சமாளிக்கப் பார்த்தான். "நான் நல்லாத்தான் மாமா இருக்கேன்."

வீடு சிரித்தது. பாலகுரு சிரிக்கவில்லை. அவன் கார்குழலியைப் பார்த்தான். அவள் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கோட்டைப் பார்த்தாலே அவளுக்குப் புரிந்திருக்கும். எந்த எண்ணிலிருந்து வந்தது, அந்த எண் எங்கிருந்து வந்தது என்பதுகூடப் புரிந்திருக்கும். அவள் ஒரு வார்த்தை குத்தினால் திருப்பிக் குத்த அவன் தயாராக இருந்தான்.

"டிரிக்கர் மக்கர் பண்ணியிருக்கும்ணே," என்றாள் அவள். "எனக்கும் ஒருவாட்டி இப்படி ஆயிருக்கு."

கெட்டவளாகவாவது இருந்து தொலைக்கக் கூடாதா என்று அவனுக்கு ஆத்திரமாக வந்தது.

பிறகு அவள் படங்கள் வந்தன. வானம் நீலம், இரண்டு முகமும் வெளிச்சம். கடைசியில் ஒன்று, பாலகுரு எடுத்துக்கொண்டிருந்தபோது பக்கவாட்டிலிருந்து எடுத்தது. சட்டை முதுகோடு ஒட்டிப்போய் அவன் மணலில் மண்டியிட்டிருக்கிறான். எதிரே தேவிப்பிரியா அவனைப் பார்த்து முகம் கொள்ளாமல் சிரிக்கிறாள்.

"இது," என்று எழுந்து வந்துவிட்டாள் தேவிப்பிரியா. "இதத்தான் வாசல்ல வெக்கணும்."

பாலகுரு அந்தப் படத்தையே பார்த்தான். அப்படி ஒரு சிரிப்பு அவன் எடுத்த எதிலும் இல்லை. கேமராவுக்குப் பின்னாலிருந்து அந்தச் சிரிப்பை அவன் பார்க்கவும் இல்லை. வானத்தையும் மாப்பிள்ளையின் தாடையையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வேணாம். கல்யாணப் பேனர்ல நான் எதுக்கு?" என்றான். டிவி பக்கம் கையைக் காட்டி, "முன்னாடி போ... இன்னும் முன்னாடி... ம், இதான். இத வையி. மாப்பிள்ளை கால்கிட்ட கொஞ்சம் வெட்டியிருக்கு. பரவால்ல."

வெட்டியிருந்தது உண்மை. அதைச் சொன்னதில் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலும் இருந்தது.

கல்யாணத்தன்று பாலகுரு கேமராவை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தான். வாசலில் பேனரைத் தாண்டும்போது நிமிர்ந்து பார்க்கவில்லை. மணமேடையில் தாய்மாமனைக் கூப்பிட்டார்கள். தேவிப்பிரியாவின் நெற்றியில் பட்டம் வைத்து, பின்னால் கையைக் கொண்டுபோய் முடிச்சுப் போட்டான். எதிரே ஃபிளாஷ் அடித்தது.

கார்குழலி வழக்கம்போலத் திரையைத் திருப்பிப் பார்த்தாள். அவள் கையைத் தாழ்த்தியபோது எண் தெரிந்துவிட்டது. நூற்று அறுபது. ஆக, மண்டபத்துக்குள் அவளும் இருநூறுக்குக் கீழேதான். பாலகுருவுக்கு நெஞ்சு லேசானது. அந்தத் தெம்பில் வாய் தானாக வந்தது.

"எங்க, காட்டு."

அவள் மேடையோரம் வந்து காட்டினாள். பட்டம் ஜொலித்தது. தேவிப்பிரியா அழகாகத் தலைகுனிந்திருந்தாள். பின்னால் நின்ற தாய்மாமன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான்.

"மூடிட்டேன்," என்றான்.

"முடிச்சு மேல கைய வைங்கண்ணே. இன்னொண்ணு எடுத்துடறேன்."

எத்தனையோ தாய்மாமன்களிடம் அவன் சொன்ன அதே வார்த்தைகள். "மாமா, சீக்கிரம், தாலி கட்டணும்ல," என்று தேவிப்பிரியா பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். பாலகுரு கையைத் திரும்பவும் முடிச்சின்மேல் வைத்தான். இமைக்காமல் நின்றான்.